வீட்டுச் சுவருக்கு வண்ணம்: சுண்ணாம்பு முதல் எமல்ஷன் வரை

தமிழ்நாட்டு வீடுகளின் உட்சுவர்களில் இன்று நான்கு வகைப் பூச்சுகளைப் பார்க்கலாம். கிராமத்து ஓட்டு வீடுகளிலும் பழைய தெருக்களிலும் சுண்ணாம்பு இன்னும் இருக்கிறது. வாடகை வீடுகளில் டிஸ்டெம்பர். சொந்த வீடு கட்டியவர்கள் பெரும்பாலும் எமல்ஷன் அடிக்கிறார்கள். மரத்துக்கும் இரும்புக்கும் உரிய எனாமலைச் சமையலறைச் சுவரில் இடுப்புயரத்துக்கு அடித்துவிடும் வழக்கமும் உண்டு. இவற்றில் எது உயர்ந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தச் சுவருக்கு எது பொருந்தும் என்றுதான் கேட்க வேண்டும். கடையில் நடக்கும் பேச்சு நிறத்தையும் கம்பெனியையும் சுற்றியே இருக்கிறது. ஒரு சுவர் இரண்டே வருடத்தில் பொரிந்துபோவதற்கும் இன்னொன்று பத்து வருடம் அப்படியே நிற்பதற்கும் காரணம் பெரும்பாலும் சுவருக்குள் இருக்கும் ஈரமும், பெயிண்ட் டின்னைத் திறப்பதற்கு முன் நடந்த வேலையும்தான்.

சுண்ணாம்பு

கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீற்றிய சுண்ணாம்பாகும். சுவரில் அடித்தபின் அது காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகிறது. சுவரோடு சேர்ந்து இறுகும் இந்தப் பூச்சில் நுண்துளைகள் அடைபடுவதில்லை. சுவர் குடித்த ஈரம் அவற்றின் வழியே வெளியேறிவிடும்.

பழைய வீடுகளின் சுவர்களில் வெள்ளை, வெளிர்நீலம், காவி, மங்கிய மஞ்சள் ஆகிய நிறங்களையே திரும்பத் திரும்பக் காண்கிறோம். வசதிக் குறைவு மட்டும் இதற்குக் காரணமில்லை. நீற்றிய சுண்ணாம்பு கடுமையான காரம். அதன் காரத்தன்மை பி.எச். அளவில் 12க்கு மேல் போகும். பல சாயங்கள் அதில் நிறம் மாறிவிடும், அல்லது வெளிறிவிடும். காவியும் மஞ்சள் மண்ணும் இரும்பு ஆக்சைடுகள் என்பதால் தாக்குப்பிடிக்கின்றன. துணிக்குப் போடும் நீலப்பொடியில் உள்ள அல்ட்ராமரைனும் காரத்துக்கு அசையாது. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் சேர்ப்பதற்கு வேறொரு பயனும் உண்டு: சுண்ணாம்பின் மஞ்சள் சாயலை அது ஈடுகட்டுவதால் வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியும்.

அதே காரத்தன்மைதான் பூஞ்சையையும் பூச்சிகளையும் அண்டவிடாமல் வைத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிப் பாசம் பிடித்த சுவருக்கு மார்கழி முடிவில், பொங்கலுக்கு முன், வெள்ளையடிக்கும் வழக்கம் இந்தக் கோணத்தில் மிகவும் பொருத்தமானது. பூஞ்சை பிடித்த சுவரைச் சுத்தம் செய்வதும் வண்ணம் அடிப்பதும் ஒரே வேலையில் முடிந்தன.

குறைகளும் கண்கூடு. சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் ஒட்டும். கறையைத் துடைக்க முடியாது. ஆண்டுதோறும் அடித்தாக வேண்டும். கஞ்சியோ கோந்தோ, இப்போது பெவிக்காலோ கலப்பது இந்த ஒட்டலைக் குறைக்கத்தான். செட்டிநாட்டு வீடுகள் இதற்கு வேறு விடை கண்டன. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் நீர், வெல்லம் ஆகியவற்றைச் சேர்த்துப் பல அடுக்காகப் பூசி, கடைசி அடுக்கைப் பளிங்கு போலத் தேய்த்து முடித்தார்கள். அந்தச் சுவர்களில் பல, தலைமுறை தாண்டியும் பெயிண்ட் கேட்காமல் நிற்கின்றன. அதற்குரிய கொத்தனார்களும் நாள்களும் இன்று எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

டிஸ்டெம்பரும் எமல்ஷனும்

எந்தப் பெயிண்டிலும் மூன்று பொருள்கள் முக்கியம்: நிறத்தையும் மறைப்பையும் தரும் பொடி, அந்தப் பொடியைச் சுவரோடு பிடித்து வைக்கும் பசை, இரண்டையும் பரப்ப உதவிவிட்டு ஆவியாகும் திரவம். டிஸ்டெம்பரில் பொடி அதிகம், பசை குறைவு. பொடியில் பெரும்பங்கு சாக்குத்தூள்தான். தொடக்கத்தில் பாலிலிருந்து எடுத்த கேசீனும் வஜ்ஜிரமும் பசையாக இருந்தன, பிறகு எண்ணெய் சேர்ந்தது, இப்போது அக்ரிலிக். 1942இல் மும்பையில் நான்கு நண்பர்கள் தொடங்கிய ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனம் 'டிராக்டர்' என்ற பெயரில் விற்ற டிஸ்டெம்பர் நாடெங்கும் பரவியது. அந்நிறுவனத்துக்காக 1954இல் ஆர்.கே. லட்சுமண் வரைந்த, கையில் பிரஷ்ஷும் டின்னுமாக நிற்கும் 'கட்டூ' என்ற சிறுவனைப் பெயிண்ட் கடைப் பலகைகளில் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது.

எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் மிக நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களைப் பசையாகக் கொண்டது. அமெரிக்காவில் 1948இல் கிளிடன் நிறுவனம் செயற்கை ரப்பரை வைத்துச் செய்த தண்ணீர்ப் பெயிண்டை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் இந்த வகை வேகமாகப் பரவியது. அக்ரிலிக் பின்னர் அந்த இடத்தைப் பிடித்தது. தண்ணீர் ஆவியாக ஆக, துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று இணைந்து மெல்லிய படலமாகின்றன. ஈரமாக இருக்கும்போது பால் போல வெளுத்திருக்கும் இந்தப் பசை காய்ந்ததும் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். ஆழ்ந்த நிறங்கள் அடிக்கும்போது இருப்பதைவிடக் காய்ந்தபின் ஒரு படி கூடுதலாகத் தெரிவது இதனால்தான். அடித்துக்கொண்டிருக்கும்போதே நிறம் சரியில்லை என்று வேலையை நிறுத்துவது வீண்.

வெள்ளைப் பொடியின் கதை தென்கோடிக்கு வருகிறது. பழைய காலத்தில் வெள்ளை நிறத்துக்கு ஈயவெள்ளையைப் பயன்படுத்தினார்கள். இன்று அந்த இடத்தில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. ஒளியை வளைத்துச் சிதறடிக்கும் திறன் இதற்கு மிக அதிகம் என்பதால் மெல்லிய பூச்சே கீழே உள்ளதை மறைத்துவிடும். இதன் மூலப்பொருளான இல்மனைட், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவராவிலும் கடற்கரைக் கருமணலில் கிடைக்கிறது. மணவாளக்குறிச்சி மணலின் மதிப்பு 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் வழியே வெளியுலகுக்குத் தெரிந்தது. தேங்காய் நாரில் ஒட்டிவந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை அவர் கண்டதே தொடக்கம். திருவனந்தபுரத்தில் 1946இல் நிறுவப்பட்ட திருவாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை இந்த வெள்ளைப் பொடியைத் தயாரிக்க வந்தது.

டைட்டானியம் விலை கூடிய சரக்கு. மலிவான பெயிண்டில் அதைக் குறைத்துச் சாக்குத்தூளைக் கூட்டுகிறார்கள், பசையையும் குறைக்கிறார்கள். அப்படிப்பட்ட பூச்சும் காய்ந்தபின் நன்றாகவே மறைக்கும், ஏனென்றால் பொடிக்கு நடுவே சிக்கிய காற்றுக் குமிழ்களும் ஒளியைச் சிதறடிக்கின்றன. சூது வெளிப்படுவது ஈரத்துணியால் துடைக்கும்போது. தண்ணீர் புகுந்து காற்றை வெளியேற்றியதும் அந்த இடம் கண்ணெதிரே மங்கி, பழைய நிறம் எட்டிப் பார்க்கும். துணியிலும் வெள்ளை ஒட்டியிருக்கும். நல்ல எமல்ஷனில் இந்த இரண்டும் நேராது. விலை வித்தியாசத்தின் பொருளைக் கடைக்காரரின் விளக்கத்தைவிட இந்த ஒரு சோதனை தெளிவாகச் சொல்லிவிடும்.

மினுமினுப்பு தனிக் கணக்கு. மேட் வகை மேடுபள்ளத்தை மறைக்கும், ஆனால் தேய்த்துத் துடைத்தால் அந்த இடம் பளபளத்துத் தனியே தெரியும். சாட்டினும் ஷீனும் துடைக்கத் தாங்கும். பட்டி சரியாகப் பார்க்காத சுவரின் குறைகளை ஒன்றுவிடாமல் காட்டியும் கொடுக்கும்.

ஈரம்

பூச்சு கெடுவதற்குக் காரணங்களை வரிசைப்படுத்தினால் முதலிடம் ஈரத்துக்குத்தான். மற்றவை வெகு தூரம் பின்னால் நிற்கின்றன.

ஈரம் வரும் வழிகள் நான்கு. தரையிலிருந்து செங்கல் வழியே மேலேறும் ஓதம், பொதுவாகத் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை ஒரு கோடு போட்டதுபோல் தெரியும். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் கசிவு, கூரையும் சுவரும் சேரும் மூலையில் பழுப்புக் கறையாக விழும். குளியலறைக்குப் பின்புறச் சுவரில், குழாய் போகும் இடத்தில், திட்டாக வரும் ஈரம் மூன்றாவது. இது கோடையிலும் காயாது. நான்காவது அறைக்குள்ளேயே பிறப்பது: காற்றோட்டமில்லாத அறையில் பீரோவுக்குப் பின்னால் கரும்புள்ளியாகப் படரும் பூஞ்சை.

ஈரம் மட்டும் வந்தால் காய்ந்துவிடும். அதோடு உப்பு வருவதுதான் தொல்லை. உவர்த் தண்ணீரில் கட்டிய சுவர், சரியாகக் கழுவாத மணல், உப்பு ஊறிய செங்கல் ஆகியவற்றிலிருந்து உப்பு கரைந்து மேற்பரப்புக்கு வருகிறது. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு படிகமாகி விரிகிறது. சுண்ணாம்புச் சுவரில் அது வெளியே பஞ்சுபோல் பூக்கும். துடைப்பத்தால் தட்டினால் போய்விடும். எமல்ஷன் அடித்த சுவரில் வெளியேற இடமில்லாமல் படலத்துக்கு அடியில் பூக்கிறது. பூச்சு கொப்புளித்து, பட்டியோடு சேர்ந்து வில்லை வில்லையாக விழுகிறது. நூறாண்டுச் சுண்ணாம்புக் காரைச் சுவரில் விலை உயர்ந்த எமல்ஷன் அடித்தவர்கள் அடுத்த மழைக்கே அது உரிவதைக் கண்டு பெயிண்டைப் பழிப்பதுண்டு. பெயிண்ட் தரமானதாக இருந்ததே கோளாறு. அத்தகைய பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்பே இன்றும் ஏற்றது.

ஈரம் இருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஓரடிக்கு ஓரடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்புறம் வியர்த்திருந்தால் அறைக் காற்றிலிருந்து வருகிறது. முதல் வகைக்குக் கசிவை அடைப்பதே மருந்து. இரண்டாவதற்கு ஜன்னலைத் திறப்பது. கசிவை அடைக்காமல் சுவரின்மேல் 'வாட்டர் புரூஃப்' பூச்சை மட்டும் அடிப்பது, ஈரத்தைப் பக்கத்து இடத்துக்குத் தள்ளிவிடும் வேலை. பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவவும் கூடாது. கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, கூட்டி வெளியே கொட்ட வேண்டும்.

புதுச் சுவருக்கும் இதே விதிதான். சிமெண்ட் பூசித் தண்ணீர் காட்டி முடித்த சுவரில் ஈரமும் காரமும் நிறைந்திருக்கும். குறைந்தது 28 நாள் காய விடச் சொல்வது வழக்கம். மழைக்காலமானால் இன்னும் கூடும். கிரகப்பிரவேச நாளைக் குறித்துவிட்டுப் பின்னோக்கிக் கணக்குப் போடும் வீடுகளில் முதலில் வெட்டுப்படுவது இந்த நாள்கள்தான். அங்கே ஒரு கை வெள்ளைப் பிரைமர் மட்டும் அடித்துக் குடிபோய்விட்டு, ஒரு கோடை கழிந்தபின் நிறம் அடிப்பது நல்ல வழி.

வேலையின் வரிசை

பழைய பூச்சைச் சுரண்டுவதில் தொடங்குகிறது வேலை. உறுதியாக ஒட்டியிருக்கும் எமல்ஷனை எடுக்க வேண்டாம். உப்புத்தாளால் தேய்த்து மினுமினுப்பைப் போக்கினால் போதும். சுண்ணாம்பும் தளர்ந்த டிஸ்டெம்பரும் அப்படியல்ல, முழுக்கச் சுரண்டியாக வேண்டும். சந்தேகமிருந்தால் சுவரில் செலோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பார்க்கலாம். டேப்பில் மாவோ செதிலோ ஒட்டி வந்தால், அந்தச் சுவர்மேல் எதை அடித்தாலும் அதுவும் ஒருநாள் அப்படியே வரும். பூஞ்சை இருந்த இடத்தை நீர்த்த பிளீச்சிங் கரைசலால் கழுவிக் காயவிட வேண்டும். அதோடு வேறு கழிவறை அமிலத்தையோ அம்மோனியாவையோ சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும்.

அடுத்தது பட்டி. வெள்ளை சிமெண்ட் பட்டி, அக்ரிலிக் பட்டி என இரண்டு வகை பரவலாக உண்டு. பிரைமர் முதலிலா பட்டி முதலிலா என்பது பெயிண்டர்களிடையே ஓயாத வழக்கு. இரு தரப்பும் தத்தம் பட்டியை மனதில் வைத்துப் பேசுவதால்தான் அது தீராமல் இருக்கிறது. சிமெண்ட் பட்டி வெறும் சிமெண்ட் பூச்சை நனைத்து அதன்மேல் நேரடியாகப் பிடிக்கும். இடையில் பிரைமர் வந்தால் பிடிப்புக் குறையும். அக்ரிலிக் பட்டிக்கு முதலில் ஒரு கை பிரைமர் வேண்டும். பட்டி முடிந்தபின் பிரைமர் அடிப்பதில் மட்டும் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. பட்டி தண்ணீரை உறிஞ்சும். பிரைமர் இல்லாமல் அடித்தால் எமல்ஷனின் பசையைக் குடித்துவிட்டு நிறத்தைத் திட்டுத்திட்டாக விட்டுவிடும்.

பட்டி இரண்டு மெல்லிய கையாக இருக்க வேண்டும். ஒரே கையில் தடிமனாக அப்பினால் வெடிக்கும். காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்கும்போது, சுவரோரம் ஒரு பல்பைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் பகல் வெளிச்சத்தில் தெரியாத மேடுகளும் தகட்டுக் கோடுகளும் நிழல் விட்டுக் காட்டும். தேய்த்த மாவை ஈரத்துணியால் துடைத்தெடுப்பது பலர் தாண்டிவிடும் படி. மாவின்மேல் அடித்த பிரைமர் மாவோடுதான் ஒட்டுகிறது, சுவரோடு ஒட்டுவதில்லை.

நிறம் அடிக்கும்போது கூரை முதலில், சுவர் பிறகு, கதவு ஜன்னல் கடைசியில். மூலைகளையும் சுவிட்ச் பெட்டி ஓரங்களையும் பிரஷ்ஷால் 'கட்டிங்' எடுத்துவிட்டு, அது காய்வதற்குள் நடுப்பகுதியை ரோலரால் நிரப்ப வேண்டும். ஒரு சுவரைத் தொடங்கினால் மூலைக்கு மூலை முடித்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போக வேண்டும். பாதியில் விட்டால் காய்ந்த ஓரத்தின்மேல் புதுப் பூச்சு ஏறிப் பட்டையாகத் தெரியும். மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டாலும் இதே கோளாறு வரும். இரண்டு கைக்கும் நடுவே நான்கு முதல் ஆறு மணி நேரம் விட வேண்டும். தண்ணீர் எவ்வளவு கலப்பது என்பது டின்னிலேயே அச்சாகியிருக்கிறது. அதற்கு மேல் கலந்தால் மூன்று கை அடித்தாலும் இரண்டு கையின் மறைப்பு வராது.

அளவும் கூலியும்

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, உயரம் பத்தடி என்று வைத்துக்கொண்டால் நான்கு சுவரும் 440 சதுர அடி. ஏழுக்கு மூன்றில் ஒரு கதவும் நாலுக்கு நாலில் இரண்டு ஜன்னலும் கழித்தால் 387. கூரை 120. ஆக 507, அதாவது தரைப் பரப்பைப் போல நான்கு மடங்குக்குச் சற்று மேல். நன்றாகப் பட்டி பார்த்த சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கைக்கு 100 முதல் 140 சதுர அடி வரும். எனவே சுவர்களுக்கு ஒரு நான்கு லிட்டர் டின்னும், கூரைக்கு வெள்ளை ஒரு லிட்டருக்குச் சற்று மேலும் தேவை. பட்டி 40 கிலோ மூட்டையாக வரும். அந்தச் சுவர்களுக்கு ஒரு மூட்டை போதும்.

கூலியைச் சதுர அடிக்குப் பேசுவதும் நாள் கணக்கில் பேசுவதும் உண்டு. சதுர அடிக் கணக்கில் வேலை விரைவாக முடியும். சுரண்டுவதும் தேய்ப்பதும் சுருங்கும். கதவு ஜன்னல் இடம் கழிக்கப்படுமா, பட்டிக்குத் தனிக் கூலியா என்பதை முதல் நாளே பேசிவிட்டால் கடைசி நாள் சண்டை இல்லை. பெயிண்ட் டின்னில் பெயிண்டருக்கென்று கம்பெனிகள் டோக்கன் வைக்கும் வழக்கம் ஊரறிந்தது. பெயிண்டர் குறிப்பிட்ட ஒரு சரக்கையே வற்புறுத்தும்போது வீட்டுக்காரர் இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நிறம்

நிற அட்டையில் விரல் அகலத்தில் பார்த்த நிறம் நான்கு சுவரில் ஏறும்போது அடர்த்தியாகத் தெரியும், ஏனென்றால் எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றின் நிறத்தை இன்னொன்றின்மேல் வீசுகின்றன. அட்டையில் பிடித்ததைவிட ஒரு படி வெளிறியதை எடுப்பது பாதுகாப்பு. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். கருநீலம் பத்து சதவீதம்கூட அனுப்பாது. ஒரே ஜன்னல் உள்ள நடு அறைக்கு இந்த வித்தியாசம் பகலில் விளக்குப் போடுவதா வேண்டாமா என்ற கேள்வியாகிவிடும். பகலில் பார்த்து எடுத்த சந்தன நிறம் இரவில் நீலச்சாயல் கொண்ட எல்.இ.டி. விளக்கில் சாம்பலாகத் தெரிவதும் உண்டு. சிறு டின் வாங்கிச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்து, காலை, மாலை, இரவு மூன்று வேளையும் பார்த்து முடிவெடுப்பதற்கு மாற்று இல்லை.

ஈயமும் வாடையும்

பெயிண்டில் உள்ள ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற மருத்துவர் 1904இலேயே வீட்டு வராந்தா பெயிண்டைக் குழந்தைகளின் ஈய நஞ்சுக்குக் காரணமாகக் காட்டினார். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டுகளுக்கான விதி 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்பது அதன் வரம்பு. ஆபத்து பெரும்பாலும் சுவர் எமல்ஷனில் இல்லை. மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமலில் இருந்தது. எனவே 2017க்கு முன் எனாமல் அடித்த கதவையும் ஜன்னல் கம்பியையும் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. ஈர உப்புத்தாளால் தேய்த்து, தூளைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் அப்போது வீட்டில் இல்லாதிருப்பது நல்லது.

வாடை ஆவியாகும் வேதிப்பொருள்களிலிருந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் உட்சுவருக்கான தண்ணீர்வகை மேட் பெயிண்டில் 2010 முதல் லிட்டருக்கு 30 கிராமுக்கு மேல் இதை அனுமதிப்பதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு இது சில நாள் தொல்லை. பெயிண்டருக்கு வாழ்நாள் முழுவதும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பெயிண்டர் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பட்டி தேய்ப்பவருக்கு ஒரு முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது மொத்தச் செலவில் கணக்கில் வராத தொகை.

பருவமும் மிச்சமும்

தீபாவளிக்கு முன் வண்ணம் அடிப்பது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம், பருவத்தைப் பார்த்தால் மோசமான தேர்வும்கூட. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் காற்றில் ஈரம் ஏறி, பட்டியும் பிரைமரும் காய மறுக்கும். தை பிறந்து சில வாரம் கழித்துத் தொடங்கிச் சித்திரை முடிவதற்குள் முடிப்பதே சரியான காலம். ஜூன் மாதமே தென்மேற்கு மழை பெறும் கன்னியாகுமரிக்கும் மேற்கு மலையோர ஊர்களுக்கும் இது இன்னும் கண்டிப்பானது.

மிஞ்சிய பெயிண்டைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. சிறு டப்பாவில் விளிம்பு வரை நிரப்பி, மூடி, வெயில் படாத இடத்தில் வைத்தால் பல மாதம் கெடாமல் இருக்கும். நிறத்தின் பெயரையும் எண்ணையும் அடித்த தேதியையும் ஒரு சீட்டில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைப்பது நல்லது. அந்த எண்ணைக் கொடுத்துக் கடையில் மறுபடி கலந்தாலும் பழைய சுவரின் நிறம் அச்சாக வராது; ஆகவே கறைபட்ட இடத்தில் மட்டும் திட்டாகத் தொட்டு வைக்காமல், அந்தச் சுவரை மூலைக்கு மூலை முழுதாக அடித்துவிட வேண்டும்.